மெஷினில் ஆவி வேகவைப்பு: டைமரை மட்டும் நம்பாமல் நன்றாக வரவைக்க ஒரு முழு வழிகாட்டி

அரைக்கும், பிசையும், வதக்கும், ஆவியிலும் வேகவைக்கும் என்று சொல்லி விற்கிற மெஷின்களில் முதல் மூன்றையும் பெரும்பாலானவர்கள் ஒரே வாரத்தில் பழகிவிடுகிறார்கள். நாலாவதில்தான் சறுக்கல். எனக்கும் அப்படித்தான் ஆனது. முதல் தடவை தட்டு நிறைய காலிஃப்ளவர், கேரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் அமுக்கி வைத்து, கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்த 20 நிமிடத்தை அப்படியே டைமரில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்து திறந்தால் அடியில் இருந்த காலிஃப்ளவர் குழைந்து கிடக்கிறது, மேலே இருந்த உருளைக்கிழங்கு நறுக்கென்று பல்லில் கடிபடுகிறது. மெஷின் மேல்தான் கோபம் வந்தது. அப்புறம் நாலைந்து தடவை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது: மெஷின் ஆவியை ஒழுங்காகக் கிளப்பியிருக்கிறது, அது மேலே போக நான்தான் வழி விடவில்லை.

கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றுக்குச் சொன்ன நேரம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. தெர்மோமிக்ஸ் மாதிரியான மெஷின்களில் கீழே பிளேடு வைத்த ஜாடி, அதில் தண்ணீர் கொதிக்கும், ஜாடி வாயிலிருந்து கிளம்பும் ஆவி மேலே உட்கார்ந்திருக்கிற அகலமான துளைத்தட்டுக்குள் போகும். ஜாடிக்குள்ளேயே வைக்கிற ஒரு சின்னக் கூடையும் இருக்கும். இன்ஸ்டன்ட் பாட் மாதிரியான மின்சார மல்டி குக்கர்களில் பாத்திரத்தின் அடியில் தண்ணீர், அதன் மேல் ஒரு கம்பி ஸ்டாண்டு, மூடியைப் பூட்டினால் அழுத்தம் ஏறும். மூன்றாவது வகை, ஆவி வசதியுள்ள ஓவன். இதில் தண்ணீர்த் தொட்டி தனியாக இருக்கும், இடமும் தாராளம், அதனால் தப்பு நடக்க வாய்ப்பும் குறைவு. அதிகம் திண்டாடுவது முதல் வகைக்காரர்கள்தான் என்பதால் அதற்குத்தான் இங்கே கூடுதல் இடம்.

ஆவி எப்படி வேகவைக்கிறது?

இது தெரிந்தால் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும். ஒரு கிலோ தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 300 கிலோஜூல் போதும். அதே ஒரு கிலோவை ஆவியாக்க இன்னும் 2257 கிலோஜூல் வேண்டும். 7 மடங்குக்கும் மேல்! இந்த மறைந்திருக்கும் வெப்பத்தை 1760களில் ஜோசப் பிளாக் அளந்து காட்டினார். நமக்கு வேண்டியது அதன் மறுபக்கம்: ஆவி குளிர்ந்த காய் மேல் பட்டுத் தண்ணீராக மாறும்போது அந்த வெப்பம் முழுவதையும் காயிடம் கொடுத்துவிடுகிறது. ஆகவே ஆவி எங்கே தொடுகிறதோ அங்கேதான் வேகும். இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒட்டிய பக்கத்துக்கு ஒன்றும் போகாது.

இன்னொன்று, தட்டுக்குள் காற்று இருக்கும்வரை வெப்பம் 100ஐத் தொடாது. ஆவி வந்து அந்தக் காற்றை வெளியே தள்ள வேண்டும். மூடிக்கடியில் லேசாகப் புகை மாதிரி எட்டிப்பார்ப்பதெல்லாம் கணக்கில்லை, ஓரத்திலோ மூடித் துளையிலோ ஆவி விடாமல் வேகமாக வர வேண்டும்.

சில மெஷின்களில் ஆவிக்கான நிலையை வைத்தால் திரையில் 120 என்றுகூடக் காட்டும். அதைப் பார்த்து மேலே தட்டில் 120 டிகிரி என்று நினைத்துவிடாதீர்கள். அழுத்தம் இல்லாத ஆவி 100க்கு மேல் போகாது. அந்த எண் அடியில் இருக்கிற ஹீட்டர் தொடர்ந்து முழு வேகத்தில் ஓட வேண்டும் என்பதற்கான குறி, அவ்வளவுதான். உயரமான இடத்தில் இருப்பவர்களுக்கு அந்த 100ம் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் ஏறினால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் சில நிமிடங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர்

அரை லிட்டர் தண்ணீர் ஊற்றினால் அரை மணி நேரம் வரும், அதற்கு மேல் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் 250 மில்லி சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாடியும் தட்டும் உள்ள மெஷின்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படுகிற கணக்கு இது, நடைமுறையிலும் சரியாக வருகிறது. 1000 வாட் வெப்பம் அப்படியே தண்ணீருக்குள் போனால் நிமிடத்துக்கு 26 கிராம் போல ஆவியாகும். பக்கவாட்டில் வீணாகிற சூட்டைக் கழித்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 16, 17 கிராம் என்கிற அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது.

நிறைய ஊற்றினால் நல்லதுதானே என்று ஜாடியை நிரப்பாதீர்கள். ஒன்றரை லிட்டர் கொதிக்க ஆகும் நேரம் அரை லிட்டரைப் போல மூன்று மடங்கு. கொதித்த பிறகும் குமிழி எகிறித் தட்டின் துளை வழியாகத் தண்ணீராகவே மேலே தெறிக்கும். குறைவாக ஊற்றுவது இன்னும் மோசம். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்காமல் விட்டு, ஜாடி அடியில் இருந்து வந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

அவசரமாக இருந்தால் கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றி ஆரம்பியுங்கள். மெஷின் சூடேறுவதற்காகச் செலவாகும் 8, 10 நிமிடம் மிச்சம்.

வெட்டுவதில்தான் பாதி வெற்றி

நான் சொல்லப்போவதில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சூடு வெளியிலிருந்து மையத்துக்குப் போக ஆகும் நேரம், துண்டின் தடிமன் இரட்டிப்பானால் ஏறக்குறைய 4 மடங்காகிறது. 2 சென்டிமீட்டர் துண்டுக்கும் 4 சென்டிமீட்டர் துண்டுக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, தட்டில் தெரியும். அதனால் ஒரே காய் என்றால் எல்லாத் துண்டும் ஒரே அளவு. வேறு வேறு காய் என்றால் நேரம் பிடிப்பதைச் சின்னதாகவும் சீக்கிரம் வேகிறதைப் பெரிதாகவும் வெட்டினால் இரண்டும் ஒன்றாக முடியும். கேரட் ஒரு சென்டிமீட்டர் வில்லை, பிரக்கோலி பெரிய பூ, உருளைக்கிழங்கு 2 சென்டிமீட்டர் துண்டு என்று நான் வைத்துக்கொள்கிறேன். பிரக்கோலி, காலிஃப்ளவர் தண்டு தடிமனாக இருந்தால் அடியில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள்.

அடுக்குவது

தட்டின் அடியில் உள்ள துளைகளை எண்ண வேண்டாம், ஆனால் பாதியாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெறும் தட்டைக் கையில் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். காய் போட்ட பிறகும் அங்கங்கே வெளிச்சம் தெரிந்தால் ஆவிக்கு வழி இருக்கிறது என்று அர்த்தம். இருட்டாகிவிட்டால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள், வேறு வழியில்லை. உருளைக்கிழங்கு, கேரட் மாதிரி கெட்டியானவை அடியில், ஆவி முதலில் படுகிற இடத்தில். பூ, பீன்ஸ் மேலே. கீரை எல்லாவற்றுக்கும் மேலே, அதுவும் கடைசி 3 நிமிடத்துக்கு மட்டும். நான் முதல் தடவை செய்தது இதற்கு நேர் தலைகீழ்.

மீன், கோழியை மேல்தட்டில் வைத்தால் அதன் சாறு கீழே உள்ள காயில் சொட்டும். பச்சை இறைச்சிச் சாறு சொட்டிய காயை அது வெந்துவிட்டதா என்று தெரியாமல் பாதியில் எடுத்துத் தின்பது ஆபத்து, அதனால் காய் முன்பே வெந்துவிடும் என்றால் இறைச்சியைக் கீழே வையுங்கள், அல்லது ஈரமாக்கிய பேக்கிங் பேப்பரை ஓரம் மடித்துத் தொட்டி மாதிரி செய்து அதில் வையுங்கள். பேப்பர் தட்டு முழுவதையும் மூடக்கூடாது. சுற்றிலும் ஒரு விரல் அகலம் இடைவெளி வேண்டும். மீன் ஒட்டாமல் இருக்கவும் இந்தப் பேப்பர் உதவும்.

உப்பை முன்னாடியே தூவினால் ஒழுகும் தண்ணீரோடு பெரும்பகுதி கீழே போய்விடும். காய்க்கு இறக்கிய பிறகு போடுங்கள். மீனுக்கும் கோழிக்கும் கால் மணி நேரம் முன்னாலேயே தடவி வைக்கலாம், அது உள்ளே இறங்கும்.

எப்போது எண்ண ஆரம்பிப்பது?

ஆவி முழு வேகத்தில் வெளியே வந்த பிறகு. மெஷினின் டைமர் பட்டனைத் தட்டிய நொடியிலிருந்தே பலவற்றில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. குளிர்ந்த தண்ணீரில் ஆரம்பித்தால் முதல் 8, 10 நிமிடம் சும்மா ஓடுகிற நேரம். பச்சைக் காய்களுக்கு இன்னொரு வழி உண்டு: தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகே தட்டை வைப்பது. நிறம் நன்றாக நிற்கும், ஏனென்றால் பச்சைக்குக் காரணமான பச்சையத்தின் நடுவில் இருக்கிற மெக்னீசியம் நீண்ட சூட்டிலும் காயிலிருந்தே வெளிவரும் அமிலத்திலும் கழன்றுவிடுகிறது, அப்புறம் அது மங்கிய பழுப்புப் பச்சைதான். 7 நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. எலுமிச்சைச் சாற்றைப் பரிமாறும்போது பிழியுங்கள், முன்னாடி வேண்டாம்.

இப்போது நேரம். எல்லாமே ஆவி வந்த பிறகு எண்ண வேண்டியவை, ஒற்றை அடுக்குக்கு. 2 சென்டிமீட்டர் உருளைக்கிழங்கு 15லிருந்து 18 நிமிடம், கேரட் வில்லை 10லிருந்து 12, காலிஃப்ளவர் பூ 8லிருந்து 10, பீன்ஸ் 8 போல, பிரக்கோலி 5லிருந்து 7, கீரை 2 அல்லது 3. தட்டு ஜாடிக்கு மேலே தனியாக உட்கார்ந்திருக்கிற மெஷின் என்றால், பக்கங்களில் சூடு வெளியேறுவதால், எல்லாவற்றுக்கும் 3லிருந்து 5 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த காயை உருக்க வேண்டாம், அப்படியே போடலாம். உறைய வைக்கும் முன்பே அதைக் கொஞ்சம் வேகவைத்திருப்பார்கள், அதனால் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடியும்.

இந்த எண்களை முதல் தடவைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கத்தி நுனியை மையத்தில் குத்திப் பாருங்கள். உருளைக்கிழங்கில் எதிர்ப்பில்லாமல் இறங்கி, தூக்கினால் துண்டு தானாக நழுவ வேண்டும். பிரக்கோலியில் கொஞ்சம் பிடிக்க வேண்டும். சரியாக வந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள், இரண்டு மாதத்தில் அதுதான் உங்கள் புத்தகம்.

மூடியைத் திறந்து பார்ப்பது பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உள்ளே காற்று புகுந்துவிடும், அதை மறுபடி வெளியேற்ற ஒன்றிரண்டு நிமிடம் போகும். ஒரு தடவை, கடைசியில். போதும்.

மீனும் கோழியும்

ஆவியில் மிக நன்றாக வருவது மீன் என்பது என் அபிப்பிராயம். 2 சென்டிமீட்டர் தடிமன் உள்ள முள்ளில்லாத துண்டுக்கு 8லிருந்து 10 நிமிடம். முள்கரண்டியால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும், நடுவில் கண்ணாடி போலத் தெரிவது போயிருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் மையத்தில் 63 டிகிரி. கோழிக்கு 74, இதில் சமரசம் கிடையாது. 2.5 சென்டிமீட்டர் தடிமன் உள்ள கோழி நெஞ்சுத் துண்டுக்கு 18லிருந்து 22 நிமிடம் ஆகும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் தடித்த பக்கத்தை லேசாகத் தட்டிச் சமப்படுத்துங்கள், இல்லையென்றால் மெலிந்த பக்கம் நார் நாராகிவிடும்.

ஆவியில் எதுவும் சிவக்காது. பொன்னிறம் வேண்டும் என்றால் வெந்ததைத் துடைத்துவிட்டுச் சூடான கடாயில் ஒரு நிமிடம் புரட்டுங்கள். மெஷினில் வதக்கும் வசதி இருக்கிறதே என்று ஜாடியிலேயே முயல்வது வீண், அடி அவ்வளவு அகலம் இல்லை.

முட்டை

தண்ணீரில் அவித்த முட்டை ஓட்டோடு சதையையும் பிய்த்துக்கொண்டு வருகிறதா? ஆவியில் வைத்துப் பாருங்கள். ஆவி வந்த பிறகு வைத்தால் வெள்ளைக்கரு சட்டென்று சூடாகி ஓட்டின் உட்தோலோடு ஒட்டாமல் இறுகுகிறது, தோல் சுலபமாக உரியும். மஞ்சள் ஒழுகலாக வேண்டுமானால் 6, 7 நிமிடம், கெட்டியாக வேண்டுமானால் 12. எடுத்தவுடன் குளிர்ந்த தண்ணீர்.

முட்டையும் பாலும் கலந்த கஸ்டர்ட் மாதிரியானவற்றுக்கு இதற்கு நேர் எதிரான கவனம் வேண்டும். முழு ஆவி ஆகவே ஆகாது. முட்டைக் கலவை 80, 85 டிகிரியிலேயே இறுகிவிடும், 100ல் வைத்தால் உள்ளே குமிழி குமிழியாகப் பொத்தலாகி ஓரத்தில் தண்ணீர் விடும். மெஷினில் வெப்பத்தைக் குறைக்க முடியாவிட்டால் மூடிக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி இடுக்கு விடுங்கள். மேலே சொன்னேனே, காற்று கலந்தால் வெப்பம் 100க்குக் கீழே நிற்கும் என்று, அதே காற்று இங்கே நமக்கு வேலை செய்கிறது. கிண்ணத்தின் வாயை ஃபாயிலால் மூட மறக்காதீர்கள், மூடியிலிருந்து சொட்டும் தண்ணீர் மேல்பரப்பில் குழி பறிக்கும்.

கீழே குழம்பு, மேலே காய்

இந்த வகை மெஷின் வாங்க ஆசையைத் தூண்டுவதே இதுதான், ஜாடியில் சூப் கொதிக்க அதன் ஆவியிலேயே மேலே காய் வேகும் என்பது. வேகும், ஆனால் கீழே இருப்பது தண்ணியாக இருக்க வேண்டும். மாவு, கிழங்கு, பருப்பு சேர்ந்த கெட்டிக் கலவை அடியில் பிடிக்கும், ஆவி குறைவாக வரும், நுரை எழும்பித் தட்டின் துளையை அடைக்கும். சூப்பை நீர்த்த பக்குவத்தில் கொதிக்கவிட்டு மேலே காயை முடித்த பிறகு கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். ஜாடியை முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம், பிளேடு மெதுவான வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அடி பிடிப்பது குறையும். ராஜ்மாவை மட்டும் மேலே தட்டில் போட்டு வேகவைக்க நினைக்காதீர்கள்: அதில் இருக்கிற நச்சுப் புரதம் அழிய, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும்.

அழுத்தத்தில் வைக்கிறவர்களுக்கு

மூடி பூட்டிய மல்டி குக்கரில் உள்ளே வெப்பம் 115, 117 டிகிரி போகும். காய்க்கு இது அதிகம். பிரக்கோலிக்கு நேரத்தைப் பூஜ்யம் என்று வையுங்கள், அதாவது அழுத்தம் ஏறியவுடன் மெஷின் நிறுத்திவிடும், நீங்கள் உடனே வால்வைத் திறந்து அழுத்தத்தை விட வேண்டும். அழுத்தம் ஏறுகிற அந்த நேரத்திலேயே அது வெந்திருக்கும். கேரட் 2 நிமிடம், உருளைக்கிழங்குத் துண்டு 4, 5 நிமிடம். தானாக இறங்கட்டும் என்று விட்டால் உள்ளே வேகுவது தொடர்ந்துகொண்டே இருக்கும், காய் கூழாகும். ஒரு கப் தண்ணீருக்குக் குறையாமல் ஊற்றுங்கள், பொருள் தண்ணீரைத் தொடாமல் ஸ்டாண்டு மேல் இருக்க வேண்டும். ஸ்டீம் என்ற நிலையில் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடுவதால் அடியில் நேராக வைத்தது தீய்ந்துவிடும். காய்க்கு என் தேர்வு, மூடியைப் பூட்டாமல் சாதாரண மூடி போட்டு வேகவைப்பது. கண்ணால் பார்க்க முடிகிறது.

சரியாக வராதபோது

ஆவி மூடி வழியாக வராமல் தட்டும் ஜாடியும் சேரும் இடத்தில் புஸ்ஸென்று போகிறது என்றால் தட்டு நேராக உட்காரவில்லை, அல்லது ரப்பர் வளையம் விலகியிருக்கிறது. காய் மேலே வெந்து உள்ளே பச்சையாக இருந்தால் துண்டு பெரிது. ஒரு ஓரம் மட்டும் வேகவில்லை என்றால் அந்த ஓரத்தில் துளை அடைத்திருக்கிறது. பாதியில் ஒருமுறை கிளறி இடம் மாற்றலாம். எல்லாம் சொதசொதவென்று இருந்தால் மூடியில் தேங்கிய தண்ணீரைத் திறக்கும்போது காய் மேலேயே கவிழ்த்திருப்பீர்கள், அல்லது வெந்த பிறகும் மூடியே வைத்திருப்பீர்கள். வெந்ததும் உடனே தட்டை இறக்கி மூடியைத் திறந்து வைத்தால் மேலே உள்ள ஈரம் தானாக ஆறிப்போகும்.

திறக்கும்போது மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் தூக்குங்கள், கையை மேலே நீட்டாதீர்கள். அந்த மறைந்திருக்கும் வெப்பம் காயைப் போலவே தோலுக்கும் வந்து சேரும், அதனால்தான் ஆவி சுட்டால் வெந்நீர் பட்டதைவிட மோசமாகச் சுடுகிறது.

வேலை முடிந்ததும் தட்டை ஊறப்போடுங்கள், மீன் வைத்திருந்தால் அன்றைக்கே. தண்ணீர் கடினமாக இருக்கிற இடத்தில் ஜாடி அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அது ஹீட்டருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு போர்வை மாதிரி, ஆவி வர வர மந்தமாகும். கொஞ்சம் வினிகரோ சிட்ரிக் அமிலமோ கலந்த தண்ணீரைச் சூடாக்கி அரை மணி நேரம் விட்டுக் கழுவினால் போய்விடும். ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் காயவைத்து மறுநாள் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டி மூடி வைத்தால் நேற்றைய மீன் வாசம் நாளைய கஸ்டர்டில் வரும்.